கை நனைக்காத மணிநேரங்கள்

யானைமலை எங்கள் துறையின் ஜன்னல் நிறையப் படுத்துக் கிடக்கும். காலையில் சாம்பல். உச்சி வெயிலில் வெளுப்பு. நாலு மணிக்கு மேல் ஈரத் தோல் மாதிரி ஒரு கருமை. ஒத்தக்கடையைத் தாண்டிய பொட்டலில் அப்போதுதான் எழும்பியிருந்த கட்டடம் அது. சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி வரவில்லை. அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் நான் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். எண்பதுகளின் தொடக்கம். துறையில் கடைசியாகச் சேர்ந்த விரிவுரையாளர் நான். முதுகுக்குப் பின்னால் எதுவோ எழுந்து நிற்கப் போகிறது என்று அந்த மார்கழி முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மலைதான், வேறென்ன என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். திரும்பிப் பார்த்தால் அது படுத்துத்தான் கிடக்கும்.

ஆலோசனை உளவியலில் முனைவர் பட்டம் தரும் அனுமதியை எங்கள் கல்லூரி கேட்டிருந்தது. ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். கிரெடிட் முறை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து இறங்கியிருந்தது. ஆய்வு மாணவர் வகுப்பில் இருக்கும் நேரம், நூலகத்தில் இருக்கும் நேரம், களத்துக்குப் போய் மனம் நொந்தவர்களோடு உட்கார்ந்து பேசும் நேரம், இந்த மூன்றையும் மணிக்கணக்கில் அளந்து கிரெடிட்டாக மாற்றுவார்கள். போதுமான கிரெடிட் சேராமல் ஆய்வேட்டைக் கையால் தொடமாட்டார்கள். தாளில் இடது பக்கம் எங்கள் பாடத்திட்டம், வலது பக்கம் குழு அனுப்பிய தர விதிகள். இரண்டும் நேருக்கு நேர் வரும்வரை இழுத்து இழுத்து வைப்பது என் வேலை. வகுப்பு நேராக வந்துவிட்டது. நூலகமும் வந்துவிட்டது. களம் மட்டும் வரவில்லை.

களம் என்றால் எங்கள் துறையில் ஒரே ஒருத்திதான். கோச்சடையிலிருந்து வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆய்வேட்டை முடித்து, கயிறு கட்டி, பீரோ மேல் வைத்திருந்தாள். அவள்தான் எங்கள் முதல் ஆய்வு மாணவி. அவளுடைய களநேரம் தேறினால் துறை தேறும். தேறாவிட்டால் துறைக்கு இன்னொரு வருடம் உண்டு. அவளுக்கு வீட்டில் இன்னொரு வருடம் தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமைதோறும் அக்கா பஸ் ஏறுவாள். செக்கானூரணி, உசிலம்பட்டி, அங்கே இறங்கி வேறு பஸ் மாறி எழுமலை. அதற்கும் கொஞ்சம் முன்னால் பருத்திக்காட்டு ஓரத்தில் தனியாக நிற்கும் ஓட்டு வீடு. அங்கே கல்யாணமாகி மூன்றாவது வருடத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் பேசத்தான் போவாள். அந்தப் பெண்ணின் தங்கை, பிறந்த வீட்டில் பின்கட்டுக் கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தாள். விழுந்தாளா, குதித்தாளா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. இவள் ஒரு பக்கமும் பேசவில்லை. பதினாறாம் நாள் முடிந்து புருஷன் வீட்டுக்கு வந்தவள், வாயை மூடிக்கொண்டாள். அடுப்பைத் தொடவில்லை. எழுப்பினால் எழுவாள், உட்கார வைத்தால் உட்காருவாள்.

பிறந்த வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் மகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மாமியார்க்காரிதான் விடவில்லை. எலும்பும் நரம்புமாக இருப்பாள், காட்டு வேலையில் வெந்த முகம். "அங்க போனா அதே கெணத்துலதான தாயி தண்ணி எறைக்கணும்? கயித்தப் பிடிச்சுக் குனிஞ்சா, உள்ள ஆரு முகம் தெரியும்? பங்குனிப் பொங்கல் வரைக்கும் பாப்போம். தேறிட்டா எங்கூடயே கெடக்கட்டும். தேறலேன்னா நான் மட்டும் கட்டி வச்சா காப்பாத்த முடியும்?" என்று அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆக, பங்குனியில் ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் வரைக்கும்தான் தவணை. அக்காவுக்கு அது ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தையும்விட நன்றாக மனப்பாடம்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மழைக்கு நடுவில் நனைந்துபோய் அக்கா நின்றபோது, அந்தப் பெண் தானாக எழுந்து அடுப்பில் நெருப்பு மூட்டியிருக்கிறாள். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்து, கம்மஞ்சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கி, தட்டை முன்னால் நகர்த்தி, "உப்புப் பாருங்க டீச்சர்" என்றிருக்கிறாள். மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம். அதிலிருந்து வியாழக்கிழமை அடுப்பு அவள் கைக்கு வந்தது. சட்டியைக் கிண்டும்போதுதான் பேசுவாள். தங்கைக்கு மொச்சை பிடிக்கும் என்பதில் ஆரம்பித்து, கடைசியாக இருவரும் போட்ட சண்டை வரைக்கும், குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தாள். அக்கா சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள். கை காய்ந்துபோகும்வரை கேட்பாள். மாசம் ஆக ஆக மற்ற நாளிலும் அந்த வீட்டுக் கூரையில் அவள் மூட்டிய புகை தெரிய ஆரம்பித்தது.

பஸ் கண்டக்டருக்குக்கூட இது தெரியும். "என்ன டீச்சர், இன்னைக்கும் விருந்தா? நாங்களும் இம்புட்டு வருசமா அந்த வழியாத்தான் போறோம், ஒரு வாய் மோர் குடுக்க ஆளில்ல" என்பான். அக்கா சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்குவாள்.

தை பிறந்த வாரத்தில் விதிகள் முழுசாக வந்தன. ஆலோசகர் தம்மிடம் வருபவரிடமிருந்து எதையும் பெறக் கூடாது. உபசாரத்தில் கழிந்த நேரம் களநேரம் ஆகாது. ஒவ்வொரு அமர்விலும் துறையிலிருந்து ஒருவர் உடனிருக்க வேண்டும், அமர்வை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். நான் வலது பக்கத்தில் அதைத் தட்டச்சு செய்து முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

துறைத்தலைவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர், கோபம் வராது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அக்காவின் களநேரத்தை விரலால் தடவினார்.

"ஏம்மா, வாரவாரம் அங்க போயி என்ன செய்றீங்க?"

"பேசுறோம் சார்."

"பேசுனது எம்புட்டு, சாப்பிட்டது எம்புட்டு?"

"அது பிரிக்க முடியாது சார். அவ சட்டியக் கிண்டுறப்பதான் பேசுவா. நான் தட்டுல கை வச்சாத்தான் அடுத்தது சொல்லுவா."

"கமிட்டிக்குச் சட்டி வேண்டாம்மா. மணி வேணும்." பென்சிலை எடுத்தார். "சாப்பிட்ட நாளு அம்புட்டையும் எடுத்துருவோம். கமிட்டி வாரதுக்குள்ள புதுசா போயி நேரத்தச் சேத்துருங்க. இந்தப் பிள்ளையும் கூட வரட்டும்." இந்தப் பிள்ளை என்றது என்னை.

"தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா சார்?"

"எதையும்னு போட்டிருக்கான். எதையும்னா தண்ணியும் அதுலதான வரும்."

அக்கா கேட்டாள், "உங்க ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிட்டு கை நனைக்காம எந்திரிச்சா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்ல சார்?"

அவர் கண்ணாடியை இறக்கினார். "தெரியாம என்ன? என் தங்கச்சியக் குடுத்த வீட்டுல நானே அப்பிடி எந்திரிச்சு வந்தவன்தான். அன்னைக்கோட அவுக யாரோ, நாங்க யாரோ." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அது சம்பந்தம்மா. இது கிரெடிட். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

அறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசந்தானப்பா. கமிட்டி போயிருச்சுன்னா மறுபடியும் சம்மணம் போட்டு உக்காந்து திம்பேன். பொங்கலுக்கு அதுக்கப்புறமும் நாள் இருக்கு. அவ புரிஞ்சுக்குவா." என்னிடம் சொன்னதுபோல் இல்லை. என் கை சில்லிட்டிருந்ததா, அவள் கையா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அந்த வியாழக்கிழமை நானும் போனேன். மடியில் டேப் ரெக்கார்டர், துணிப்பை போட்டு மூடிய ஒரு சவத்தைப்போல. உசிலம்பட்டியைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. தூரத்தில் மலை. அறுத்த கம்பந்தட்டை. வெடிக்காத பருத்தி. புளியமரங்களுக்கு நடுவே பஸ் ஒவ்வொரு நிழலாக விழுங்கிக்கொண்டு ஓடியது. இறங்கியபோது அந்த வீட்டின் கூரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்துப் பருத்திக்காட்டுக்குள்ளிருந்து அவள் புருஷன் கையை அசைத்தான்.

அவளை அன்றுதான் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். என்னைப் பார்த்ததும் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு தட்டைத் தேடினாள். கருவாட்டுக் குழம்பு. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வைத்தாள். நான் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினேன்.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு" என்றாள் அக்கா.

"வயிறு சரியில்லையா டீச்சர்?"

"அதெல்லாம் இல்ல. காலேஜுல சொல்லியிருக்காக, கொஞ்ச நாளைக்குச் சாப்பிடக் கூடாதுன்னு. நாம சும்மா உக்காந்து பேசுவோம்."

வாசலில் புடைத்துக்கொண்டிருந்த மாமியாரின் முறம் நின்றது.

"காலேஜுல எங்க வீட்டப் பத்தி என்ன தாயி சொன்னாக?"

"உங்க வீட்டப் பத்தி ஒண்ணுமில்லம்மா. எல்லா வீட்டுக்கும் அப்பிடித்தான்."

"எல்லா வீட்டுக்கும்னா? நீங்க வார வீடு இது ஒண்ணுதான?" கோபமே இல்லாமல்தான் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல. "சோறுதான் வேண்டாம். தண்ணியுமா? எங்க தண்ணியில என்ன இருக்குன்னு சொன்னாக?"

தண்ணீர் என்ற சொல் அந்த வீட்டில் எங்கே போய் விழும் என்று எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? அக்கா சொம்பைப் பார்த்தாள். நான் ரெக்கார்டரில் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். சோற்றைப் பானையில் திரும்பக் கவிழ்த்தாள், குழம்புச் சட்டியை மூடினாள். சொம்புத் தண்ணீரை எடுத்துப்போய் அடுப்பில் ஊற்றினாள். சுர்ரென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. வந்து எங்களுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அக்கா கேட்டதெல்லாம் அவள் முகத்தில் பட்டுத் தரையில் விழுந்தது.

புறப்படும்போது மாமியார் வாசலை மறிக்காமல், வழியும் விடாமல் நின்றாள். "கை நனைக்காமப் போறவுக திரும்பி வாரதில்ல தாயி."

"வியாழக்கிழம வாரேம்மா. கண்டிப்பா வாரேன்."

"வருவீக" என்றாள் அவள்.

போனோம். வாரவாரம் போனோம். கூரையில் புகை இல்லை என்பது பஸ்ஸிலிருந்தே தெரிந்துவிடும். அந்தப் பெண் சொல்லாமலே வந்து சுவரோரம் உட்காருவாள், தான் வாங்காத கடனை அடைப்பதுபோல நேரம் முழுவதையும் கொடுத்துவிட்டு எழுந்துபோவாள். ரெக்கார்டரில் கோழி கொக்கரித்தது, காற்று ஓட்டுக்கு அடியில் விசிலடித்தது, அக்கா இருமினாள். அந்தப் பெண்ணின் குரல் ஒரு இடத்திலும் இல்லை. பேசிய நாட்களெல்லாம் அடிபட்டுப்போய், பேசாத நாட்கள் கிரெடிட்டாகச் சேர்ந்துகொண்டிருந்தன. களம் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கத்துக்கு நேராக வந்தது. கண்டக்டர் விருந்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். ஒருநாள் மட்டும், சில்லறையைக் கொடுத்துக்கொண்டே, "அந்த வீட்டுல என்ன டீச்சர், எதும் ஆகிப்போச்சா?" என்றான். "ஒண்ணும் ஆகல" என்றாள் அக்கா. பஸ் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மாசியிலேயே காட்டுக் கிணறுகளெல்லாம் உள்வாங்கிவிட்டன.

"ஒரு வாய் சாப்பிட்டுருவோமா அக்கா? யாருக்குத் தெரியப்போகுது?" என்று நான் கேட்டேன்.

"இதுல தெரியும்" என்று என் மடியைக் காட்டினாள். ரெக்கார்டரை.

"நிறுத்திட்டுச் சாப்பிட்டா?"

"நேரம் குறையும்ப்பா. அடுத்த வாரம் கமிட்டி." ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் முடிஞ்சிரும்."

குழு வந்தது. கல்லூரி வாசலில் வாழைமரம், நாதஸ்வரம் மட்டும்தான் குறை. வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒருவர்தான் அவர்களில் பெரியவர். வெள்ளை முடி, மென்மையான குரல். நான் இழுத்து வைத்த இரண்டு பக்கங்களையும் பார்த்துத் தலையாட்டினார். ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்றார். அறையில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து அந்தக் கோழியைக் கேட்டோம். காற்றைக் கேட்டோம். அக்கா மெல்லிய குரலில் ஏதோ கேட்கிறாள், பதிலில்லை. நீண்ட நேரம் பதிலில்லை. ஜன்னலில் மலை அன்றைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். வருகிறவரின் மௌனத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் ஆலோசகரைத் தாம் கண்டதில்லை, குறுக்கே பேசாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் உச்சம் என்றார். துறைத்தலைவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தேறிவிட்டது. களநேரம் முழுவதும் தேறிவிட்டது. காபி வந்தது. அக்கா அந்தக் காபியைத் தொடவில்லை என்பதை நான் மட்டும் பார்த்தேன்.

மறுநாளே போகலாம் என்றாள். வியாழக்கிழமைகூட இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். "இன்னைக்கு ரெண்டு தட்டு திம்பேன் பாரு" என்றாள் பஸ்ஸில். டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோகவில்லை. என் மடி காலியாக இருந்தது, அது ஏனோ பாரமாக இருந்தது. உசிலம்பட்டியில் பஸ் தாமதம். நாங்கள் இறங்கியபோது மதியம் சாய்ந்திருந்தது.

கூரையில் புகை இருந்தது. அக்கா என் தோளைத் தட்டிவிட்டு ஓட்டமாக நடந்தாள். அடுப்பின் முன்னால் குந்தியிருந்தது மாமியார்.

"வா தாயி."

"அவ எங்கம்மா?"

"போயிட்டா." ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அவ அய்யாவும் அண்ணனுகளும் வந்து முந்தாநாளு கூட்டிட்டுப் போயிட்டாக. நாந்தான் வரச்சொல்லி ஆள் விட்டேன்."

"பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கேம்மா."

"நாளு கெடந்து என்ன செய்ய? அவ ஒரு மனுசிகிட்டதான் வாயத் தெறந்தா. அந்த மனுசியே கை நனைக்கலேன்னா, அதுக்கப்புறம் நான் எதை வச்சு நம்ப?" நெருப்பு அவள் முகத்தில் ஏறி இறங்கியது. "வந்தவுகளுக்குச் சொம்பு நெறையத் தண்ணி வச்சேன். ஒருத்தரும் தொடல. அவளும் தொடல."

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். "நீங்க இப்பச் சாப்பிடுவீகளா?" என்று கேட்டாள். குத்தலே இல்லாத குரல். அக்கா உட்கார்ந்தாள். மாமியார் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று எனக்கு நினைவில்லை. பாதியில் அக்கா எழுந்து கையைக் கழுவினாள். அந்த ஊர் எது, எந்த பஸ் என்று கேட்டாள். மலையடிவாரத்தில் இருக்கிறது, ரோட்டுக்குப் போய் எதிர்ப்பக்கம் நில்லுங்கள் என்றாள் மாமியார். கை ஈரம் காயாமலே போய் நின்றோம்.

அந்த ஊரில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. கிணற்று வீடு எது என்று கேட்டதும் சின்னப் பிள்ளைகூட வழி காட்டியது. வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். பெரிய ஆள், தோளில் துண்டு. நாங்கள் யாரென்று சொன்னோம். கேட்டுக்கொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்தவர்களிடம், எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதை அவர் கேட்கவில்லை.

"தண்ணி குடுங்கய்யா, குடிக்க" என்று அக்காவே கேட்டாள்.

அவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். "அவதான் எறைக்கிறா" என்றார்.

பின்கட்டில் ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. பங்குனிக் கிணறு, ஆழம். வாளி தண்ணீரைத் தொடும் சத்தத்துக்காக நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்று கேட்டோம். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது.